மழை மலைக்கு எந்த நாய்? கீழ்ப்படிதல் போட்டிக்கு இனத் தேர்வு

கீழ்ப்படிதல் போட்டிக்கு நாய் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஜாதி நாய்க்கு மூளை அதிகம்?" என்பதுதான். அந்தக் கேள்வி கொஞ்சம் பொறுக்கட்டும். மைதானத்தில் நாயிடம் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் எதைப் பார்த்து வாங்குவது என்பது பாதி தெளிந்துவிடும்.

அமெரிக்கன் கென்னல் கிளப்பின் விதிகளை எடுத்துக்கொள்வோம். தொடக்க நிலையான நொவிஸ் பிரிவுக்கு மொத்தம் 200 புள்ளிகள். தேறுவதற்கு 170 வேண்டும். அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் எடுத்தாக வேண்டும். வார் பூட்டியும், பிறகு வார் இல்லாமலும், நாய் உங்கள் இடது காலை ஒட்டி நடக்க வேண்டும். நீங்கள் தள்ளி நிற்க, நடுவர் வந்து தலையையும் முதுகையும் தொட்டுப் பார்க்கும்போது அசையாமல் நிற்க வேண்டும். கூப்பிட்டால் நேரே ஓடிவந்து எதிரே உட்கார வேண்டும். விட்டுவிட்டுப் போனால் போட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த நிலையில் மர டம்பெல்லைக் கவ்வி வருவதும் தடை தாண்டுவதும் சேரும். மேல் நிலையில், ஒரே மாதிரியான பல பொருள்களுக்கு நடுவே உங்கள் கைவாடை பட்ட ஒன்றை மோந்து பொறுக்கவும், பேச்சே இல்லாமல் கைச்சைகைக்கு நடக்கவும் வேண்டும்.

இந்தப் பட்டியலில் வீரத்துக்குப் புள்ளி இல்லை. அந்நியனைக் கண்டு உறுமுவதற்கு இல்லை. கம்பீரமான தலைக்கும் நிமிர்ந்த காதுக்கும் இல்லை. ஆனால் நம் தோட்டப் பகுதிகளில் நாய் வாங்கும்போது பார்க்கப்படுவது பெரும்பாலும் இவைதான். பங்களாவுக்குக் காவல், கடைக்குக் காவல், மரக்கறித் தோட்டத்துக்குக் காவல் என்று வாங்கிப் பழகிய கண் அது. போட்டிக்கு வேண்டியது வேறொரு குணம். மனிதனோடு சேர்ந்து வேலை செய்வதே அந்த நாய்க்கு இன்பமாக இருக்க வேண்டும். ஒரே காரியத்தை நூறாவது முறை செய்யச் சொன்னாலும் உங்கள் முகத்தை ஆர்வத்தோடு பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டு பிறந்த கதையும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி ஸ்டாண்டர்ட் பூடில் வளர்த்துவந்தார். சுருள்முடி வெட்டி அலங்கரித்த அந்த நாய்களைப் பார்த்து, இவை எதற்கும் உதவாத அழகுப் பொம்மைகள் என்று பலர் நினைத்தார்கள். அவை உழைக்கக்கூடியவை என்று காட்ட, 1933 அக்டோபரில் நியூயோர்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் அவர் ஒரு சோதனைப் போட்டி நடத்தினார். வந்தவை எட்டு நாய்கள். பிறகு பிளான்ச் சாண்டர்ஸ் என்ற பயிற்சியாளரோடு சேர்ந்து, 1937இல் நாய்களை ஏற்றிய இழுவை வண்டியோடு நாடு முழுக்கச் சுற்றிச் செயல்விளக்கம் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கன் கென்னல் கிளப் இதற்கு விதிகளை ஏற்றிருந்தது. தோற்றத்தை வைத்து நாயின் திறமையை அளக்கக் கூடாது என்று நிரூபிக்கத்தான் இந்தப் போட்டியே தொடங்கியது. குட்டி வாங்கப் போகும் வழியில் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனப் பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

கனடாவின் உளவியல் பேராசிரியர் ஸ்டான்லி கோரன் 1994இல் வெளியிட்ட நூலில் ஒரு தரவரிசை இருக்கிறது. வட அமெரிக்காவின் கீழ்ப்படிதல் போட்டி நடுவர்களைக் கேட்டு அவர் தொகுத்தது. முதல் பத்து இடங்கள்: போர்டர் கொலி, பூடில், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரிட்ரீவர், டோபர்மேன், ஷெட்லண்ட் ஷீப்டோக், லேப்ரடோர், பாப்பியோன், ரொட்வைலர், அவுஸ்திரேலியன் கெட்டில் டோக். இந்த மேல்வரிசை இனங்கள் புதிய கட்டளையை ஐந்து முறைக்குள் பிடித்துக்கொள்கின்றன, முதல் தடவை சொன்னதுமே 95 வீதம் கீழ்ப்படிகின்றன என்று அவர் எழுதினார். கடைசி இடம் ஆப்கன் ஹவுண்டுக்கு. பீகிள் கடைசிப் பத்துக்குள் வருகிறது.

இந்தப் பட்டியல் உலகெங்கும் 'புத்திசாலி நாய்கள்' என்ற பெயரில் பரவிவிட்டது. உண்மையில் அது அளந்தது மனிதன் சொல்வதை நாய் எவ்வளவு சீக்கிரம் ஏற்கிறது என்பதை. பீகிளின் மூக்கு முயலின் தடத்தைத் தானே பின்தொடர்வதற்காக வளர்க்கப்பட்டது. மனிதனைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது அதற்குத் தேவைப்படவில்லை. போட்டிக்காரருக்கு இந்தப் பட்டியல் பயன்படும். நாய் அறிவுள்ளதா என்று சொல்ல அது பயன்படாது.

2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வொன்று இன்னும் தெளிவு தருகிறது. பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்தவர்கள் கண்டது: நாய்க்கு நாய் காணும் குண வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 வீதம் மட்டுமே. ஆனால் மனிதன் சொல்வதை ஏற்று நடக்கும் குணத்தில் மற்றக் குணங்களைவிட இனத்தின் கை ஓங்கியிருந்தது. ஆகவே நமக்கு இனம் முக்கியம்தான். அது உங்களை நல்ல குட்டிகள் பிறக்கக்கூடிய வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே எந்தக் குட்டியைத் தூக்குவது என்பதை இனம் சொல்லாது.

வட்டவளை என்ன கேட்கிறது?

வெளிநாட்டு நூல்கள் எழுதாத பகுதி இது. நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பாதையில், ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் வட்டவளை, இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 5000 மில்லிமீட்டர். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று ஏறினால் செப்டெம்பர் வரை புல் காய்வதே அரிது. கொழும்பில் நாய் வளர்ப்பவருக்கு எதிரி வெயில்; இங்கே ஈரம்.

ஈரம் மூன்று வழியில் வேலை செய்கிறது. முதலாவது தோல். அடர்ந்த உள்முடி உள்ள இனங்கள் நாள்கணக்கில் காயாமல் இருந்தால் அடித்தோலில் புண் வரும். தொங்கு காதுக்காரர்களுக்குக் காதுக்குள் சீழ் பிடிக்கும். இரண்டாவது அட்டை. கால்விரல் இடுக்கிலும் மூக்கைச் சுற்றியும் ஏறும். முகத்திலும் பாதத்திலும் முடி குறைவான நாயில் கண்டுபிடிக்க இலகு. மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. ஈரப் புல்லில் வயிறு பட நாய் படுக்குமா? படு என்றதும் முழங்கையை மட்டும் மடித்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நாய் போட்டியில் புள்ளி இழக்கும். டோபர்மேன் போன்ற மெல்லிய தோல் நாய்களுக்கு இந்தக் கூச்சம் அதிகம். லேப்ரடோருக்குத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம். வட்டவளை மழையில் பழகிய லேப்ரடோர் எந்த ஊர் மைதானத்திலும் தயங்காது. அந்த வகையில் நம் மழை ஒரு நல்ல வாத்தியார்.

இடமும் ஒரு கேள்வி. லயத்தில் ஒரு காம்பராவும் இஸ்தோப்பும்தான் இருக்கின்றன என்பதற்காக இந்த விளையாட்டு உங்களுக்கு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நடைப் பயிற்சிக்கு வேண்டியது சமதரையான ஒரு துண்டு நிலம். காலைப் பெரட்டு முடிந்ததும் பெரட்டுக்களம் காலியாகத்தான் கிடக்கும். தோட்ட நிர்வாகத்திடமும் தலைவர்மாரிடமும் சொல்லிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆனால் பக்கத்துக் காம்பராவில் பச்சைக்குழந்தை தூங்கும் இடத்தில், இரவெல்லாம் குரைக்கும் இனத்தைக் கொண்டுவருவது நியாயமில்லை. சின்ன உடம்பு என்று ஷெட்லண்டைத் தேடுகிறவர்கள் அதன் குரலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சத்தம் தாங்கும் மனமும் தேவை. திருவிழாவுக்குத் தப்பு முழங்கும், தீபாவளிக்கு வெடி போடுவார்கள், வளைவில் ரயில் கூவும். சத்தத்துக்கு மிரளும் பரம்பரையில் வந்த நாய் இங்கே ஆண்டு முழுக்க அவதிப்படும். கடைசியாகச் சிறுத்தை. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தைகள் வாழ்கின்றன, இரவில் நாய்களைத் தூக்குகின்றன. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் அவிழ்ந்து திரியும் நாய்களும் மாட்டுகின்றன. எந்த இனமானாலும் இரவில் பூட்டிய கூடு வேண்டும். அதைச் செய்ய முடியாதவர் நாய் வாங்குவதைத் தள்ளிப்போடட்டும்.

இனம் இனமாக

முதன்முறையாகப் போட்டி நாய் வாங்குகிறவருக்கு நான் சொல்வது லேப்ரடோர். நீரில் விழுந்த பறவையைக் கவ்விவரப் பழக்கிய இனம் என்பதால் டம்பெல் எடுக்கச் சொல்லிக்கொடுப்பது பாதி வேலை. முடி குட்டையானது, சீக்கிரம் காயும். நடுவர் தொட்டால் வாலாட்டும். இன்னொரு காரணமும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, லேப்ரடோர்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசி அடங்குவதோடு தொடர்புடைய பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவின் ஒரு துண்டு இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய லேப்ரடோர்களில் அப்படிப்பட்டவை இன்னும் மிக அதிகம். தீனிக்காக எதையும் செய்யும் நாயைப் பழக்குவது இலகு என்பதால் அவை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம். அதே குணம்தான் அதன் கேடும். சோறும் பருப்பும் மிஞ்சிய ரொட்டியும் எல்லா வீட்டிலும் கிடைத்தால் இரண்டு வயதில் தடை தாண்ட முடியாத உருளையாகிவிடும். லயத்தில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்: இந்த நாய்க்கு நான் மட்டுமே தீனி போடுவேன்.

கோல்டன் ரிட்ரீவர் குணத்தில் லேப்ரடோருக்குச் சற்றும் குறைந்ததல்ல. நுட்பமான வேலையில் ஒருபடி மேல் என்றும் சொல்வேன். 1977இல் அமெரிக்காவில் கீழ்ப்படிதல் சம்பியன் பட்டம் தொடங்கியபோது அதை முதலில் வென்றது டோங்கா என்ற கோல்டன் பெட்டை. ஆனால் அந்த நீண்ட முடியை ஜூன், ஜூலை மாதங்களில் வட்டவளையில் நாள்தோறும் துவட்டிச் சீவிக் காயவைக்க ஆள் வேண்டும். அந்த நேரம் இருப்பவருக்கு மட்டும் கோல்டன்.

ஜெர்மன் ஷெப்பர்ட், நம்மவர் வாயில் அல்சேஷன். மலையகத்தில் அதிகம் விரும்பப்படும் இனம். கண்டி அஸ்கிரியவில் உள்ள பொலிஸ் நாய்ப் பிரிவும் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது. 1899இல் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் இந்த இனத்தை ஒழுங்குபடுத்தியபோதே வேலைத்திறன்தான் அளவுகோல் என்று வைத்தார். மோப்பத் தடம், கீழ்ப்படிதல், காவல் என ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி கொடுக்கும் ஐ.ஜி.பி. போட்டி இந்த இனத்தைச் சோதிக்கப் பிறந்ததுதான். நல்ல அல்சேஷன் நடக்கும்போது கண்ணை உங்கள் முகத்திலிருந்து எடுக்காது. அந்த அழகை வேறெந்த இனத்திலும் காண்பது கடினம்.

ஆனால் இங்கே கிடைக்கும் குட்டிகளில் பல, கண்காட்சிக்காகவும் காவலுக்காகவும் இனம்சேர்த்தவற்றின் வாரிசுகள். முதுகு பின்னோக்கிச் சரிந்து, பின்னங்கால் வலுவில்லாமல் நடக்கும் தாய் தகப்பனின் குட்டி தடை தாண்டுவதற்கு ஆகாது. அதைவிடப் பெரிய சிக்கல் நாம் வளர்க்கும் விதம். கேட்டுக்குள்ளே கட்டிவைத்து, வருகிறவனை எல்லாம் குரைக்க விட்டு, "ஆளை அண்ட விடாது" என்று பெருமைப்பட்டு வளர்த்த அல்சேஷன், நடுவர் கை நீட்டியதும் பின்வாங்கும் அல்லது பல்லைக் காட்டும். அந்தப் பயிற்சியிலேயே போட்டி முடிந்துவிடும். ஒரே நாய் வீட்டுக் காவலையும் பார்த்துக்கொண்டு போட்டியிலும் நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர், அதை நாலு மாதத்துக்குள் பஸ் நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் கொண்டுபோய், பல பேர் கையிலிருந்து தீனி வாங்கப் பழக்க வேண்டும். ரொட்வைலருக்கும் இதே சொல் பொருந்தும். மாலினுவா என்ற இனமோ முதல்முறைக்காரர் கைக்கு வேண்டவே வேண்டாம்; முழுநேர வேலை இல்லாத மாலினுவா வீட்டையும் தன்னையும் கடித்துக் குதறும்.

போர்டர் கொலி. பிரித்தானியாவின் கிரஃப்ட்ஸ் கீழ்ப்படிதல் போட்டியிலும் உலகப் போட்டிகளிலும் வரிசையில் நிற்பவை பெரும்பாலும் இவைதான். வெற்றி மட்டும் கணக்கு என்றால் இத்தோடு அத்தியாயத்தை முடித்துவிடலாம். ஆனால் இந்த இனம் எதற்காகப் பிறந்தது என்று பாருங்கள். 1893இல் இங்கிலாந்தின் நோர்தம்பர்லண்டில் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயின் வழிவந்தவை இன்றைய போர்டர் கொலிகள். ஆட்டு மந்தையின் சின்ன அசைவுக்கும் பாய்ந்து செயற்படுவதே அவற்றின் தொழில். மந்தை இல்லாத இடத்தில் முச்சக்கர வண்டியும் ஓடி விளையாடும் பிள்ளைகளும் ரயிலும் அதற்கு மந்தையாகிவிடும். பிரதான பாதை ஓரத்தில் குடியிருப்பவர் இதை மிகவும் யோசிக்க வேண்டும். சத்தத்துக்கு மிரளும் குணமும் இந்த இனத்தில் அதிகம். நாளுக்கு இரண்டு வேளை, மழையானாலும் வேலை கொடுக்க முடிந்த, முன்பே ஒரு நாயைப் பழக்கி முடித்தவருக்கு இது பொக்கிஷம். மற்றவருக்கு இது ஓய்வில்லாத துயரம், நாய்க்கும்தான்.

பூடில் கோரனின் பட்டியலில் இரண்டாம் இடம் என்றாலும், சுருள்முடி ஈரத்தில் சடைபிடித்துத் தோலை இழுக்கும். ஒட்டக் கத்தரித்து வைத்தால் வட்டவளையிலும் வளர்க்கலாம். போட்டிக்கு அலங்கார வெட்டுத் தேவையில்லை. கொலி, ஷெட்லண்ட் வகை எதை வாங்கினாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: இவற்றில் சிலவற்றுக்கு எம்.டி.ஆர்.1 என்ற மரபணுக் குறை இருப்பதால், சொறிக்குப் போடும் ஐவர்மெக்டின் மருந்து அதிக அளவில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மாட்டுக்கு வாங்கியதில் மிச்சம் என்று யாரும் ஊசி போட விடாதீர்கள். மிருக வைத்தியரிடம் இனத்தைச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டு இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவை நம் பெருமை; இராஜபாளையத்துக்கு இந்தியா 2005இல் தபால்தலையே வெளியிட்டது. ஆனால் கண்ணால் இரையைக் கண்டு, எசமானைக் கேட்காமல் பாய்ந்து பிடிக்க வளர்ந்த வேட்டை நாய்கள் அவை. சமவெளியின் காய்ந்த தரைக்கும் வெயிலுக்கும் அமைந்த உடம்பு. அவற்றை இந்த மழையில் நிறுத்தி, காலை ஒட்டி நட என்று கட்டாயப்படுத்துவது அவற்றுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தாயைப் பாருங்கள், பிறகு குட்டியை

இனத்தை முடிவுசெய்ததும் பெற்றோரைப் பார்க்கப் போங்கள். கென்னல் அசோசியேஷன் ஒஃப் ஸ்ரீலங்காவின் பதிவுத்தாள் பரம்பரையைக் காட்டும், குணத்தைக் காட்டாது. தாயை வெளியே வரச் சொல்லுங்கள். அந்நியரான உங்களிடம் அது வருகிறதா? மழைத் தரையில் உட்காருகிறதா? தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் குட்டி வாங்க வேண்டாம். லேப்ரடோர், கோல்டன், அல்சேஷன் என்றால் பெற்றோரின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே கேளுங்கள். எடுத்திராவிட்டால், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா மருத்துவமனை நமக்குத் தொலைவில் இல்லை என்று வளர்ப்பாளருக்குச் சொல்லுங்கள்.

குட்டிகளை ஏழாவது வாரத்தில் சோதிப்பது நல்லது. குட்டிக்குப் பழக்கமில்லாத அறையில், ஒவ்வொன்றாக, தீனிக்கு முன். தரையில் குந்திக் கையைத் தட்டினால் வருகிறதா? எழுந்து நடந்தால் காலடியில் பின்தொடர்கிறதா? மல்லாத்திப் பிடித்தால் கொஞ்சம் துள்ளிப் பிறகு அடங்குகிறதா? தகரச் சட்டியைக் கீழே போட்டால் திடுக்கிட்டு, உடனே மோந்து பார்க்க வருகிறதா, மூலையில் போய் ஒடுங்குகிறதா? கடைசியாக, கசக்கிய தாள் உருண்டையை எறியுங்கள். ஓடிப்போய் எடுத்து உங்களை நோக்கித் திரும்பும் குட்டியை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களைத் தேர்ந்தெடுத்த கிளாரன்ஸ் ஃபாஃபன்பெர்கர், மனிதனோடு ஒத்துழைக்கும் மனத்துக்கு இந்தச் சோதனையே சிறந்த அடையாளம் என்று கண்டார்.

மற்றக் குட்டிகளைத் தள்ளிவிட்டு முதலில் ஓடிவரும் முரட்டுக் குட்டிதான் எல்லோர் கண்ணையும் கவரும். அதை விடுங்கள். ஒதுங்கிப் பயந்து நிற்கும் குட்டிக்காக மனம் இரங்கும். போட்டிக்கென்றால் அதையும் விடுங்கள். நடுவில் நின்று உங்களையே பார்க்கும் குட்டிதான் வேண்டும். ஆணா பெண்ணா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. தோட்டத்தில் அவிழ்ந்து திரியும் நாய்கள் அதிகம் என்பதால், பெண்ணானால் கருத்தடையைப் பற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எந்தக் குட்டியானாலும் எலும்பு முற்றும் வரை, பெரிய இனமென்றால் ஒன்றரை வயது வரை, தடை தாண்ட விடக் கூடாது. விசர்நாய்க்கடித் தடுப்பூசி உரிய வேளையில் போட வேண்டும்.

லயத்து நாய்

மேலே சொன்ன குட்டிச் சோதனைகள் எதற்கும் பதிவுத்தாள் தேவையில்லை. உங்கள் லயத்து வாசலில் குட்டி போட்டிருக்கும் நாட்டு நாயிடமும் அவற்றைச் செய்து பார்க்கலாம். அந்தத் தாயின் குணத்தை நீங்கள் ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கிறீர்கள். எந்த வளர்ப்பாளரும் அவ்வளவு தகவல் தர முடியாது. மழையும் அட்டையும் தப்புச் சத்தமும் பிறந்த நாளிலிருந்தே அதற்குப் பழக்கம். நாட்டு நாய்கள் பல தன்னிச்சையானவை என்பது உண்மை. பொறுமை கூடுதலாக வேண்டும். ஆனால் மனித முகம் பார்த்துப் பிழைத்த பரம்பரையில், தாள் உருண்டையைக் கவ்வித் திரும்பும் குட்டி அவ்வப்போது பிறக்கத்தான் செய்கிறது.

அமெரிக்கன் கென்னல் கிளப் 2010 முதல் கலப்பின நாய்களைக் கீழ்ப்படிதல் போட்டியில் சேர்க்கிறது. பிரித்தானியாவிலும் அவை பதிவுசெய்து போட்டியிடலாம். இங்கே போட்டி நடத்துகிறவர்களிடம் கலப்பினத்துக்கு இடம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்; இல்லை என்றால், தரும்படி கேளுங்கள். குட்டிக்குப் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், உங்கள் லயத்தில் ஏழு வாரக் குட்டி இருந்தால், ஒரு தாளைக் கசக்கி அதன் முன்னால் எறிந்து பாருங்கள்.